கழுத்துக் கடைசல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் இறங்கும்போது செசிலுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. எங்கேயாவது உட்கார வேண்டும். உட்கார்ந்த இடத்துக்கு யாராவது ஒரு கோப்பைக் காப்பி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எழுந்திருக்காமல் அதைக் குடிக்க வேண்டும். இது என்ன பெரிய ஆசையா? ஐம்பத்தொன்பது வயது. காலையிலிருந்து மருத்துவமனையின் அடித்தளத்தில் நின்றபடியே கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, நீராவியில் வைத்து, ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உறை போட்டுவிட்டு வருகிறாள். இந்த அளவுகூட ஆசைப்படக் கூடாதா? ஆனால் அவள் வீட்டில் காப்பி போடுகிற ஆள் அவள் ஒருத்திதான். ஆகையால் அந்த ஆசையைத் தினமும் மெத்ரோவிலேயே விட்டுவிட்டு இறங்கப் பழகியிருந்தாள்.

கொத்தமல்லி வாங்க இலங்கைக்காரர் இராஜதுரையின் காய்கறிக் கடைக்குள் நுழைந்தாள். மனிதர் கல்லாவில் நின்றபடி யாருக்கோ முருங்கைக்காயை முறித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அக்கா. உங்கடை மச்சாள் காலமை வந்தவ. நல்ல கலகலப்பான மனிசி."

"அண்ணியா? தனியாவா வந்தாங்க?"

"ஓம், தனியத்தான். ரெண்டு கிலோ புளி வாங்கினவ. என்ன அன்ரி, ஊருக்கே புளிச்சாதமோ எண்டு கேட்டன். இல்லையாம். தம்பியின்ரை பித்தளைச் சாமான் எல்லாம் கறுத்துப்போய்க் கிடக்காம், மினுக்க வேணுமாம். பாத்திரம் துலக்கிற பவுடரும் ஒரு பெட்டி கொண்டுபோனவ."

வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்பார்களே, செசிலுக்கு அது வீட்டிலேயே காலையிலிருந்து கரைந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் குத்துவிளக்கு கிடையாது, பித்தளை அண்டாவும் கிடையாது. கதவுப் பிடிகூட அலுமினியம்தான். அந்த வீட்டில் இருந்த பித்தளை என்றால், சமையலறை அலமாரியின் இரண்டாம் தட்டில், செருப்புப் பெட்டி அளவுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வரிசையாக நின்ற நாற்பது தோட்டாக் கூடுகள் மட்டுமே.

"கொத்தமல்லி, அக்கா?" என்று இராஜதுரை பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் தெருவைத் தாண்டிவிட்டிருந்தாள்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பந்தயத்துக்குத் துப்பாக்கி சுடுகிறவர்கள், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிய மாட்டார்கள். புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவார்கள். குண்டு உட்காரும் இடத்துக்குக் கழுத்து என்று பேர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தக் கழுத்தின் சுவர் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிவாகவும் இருக்கும். நமக்குக் கண்ணால் பார்த்தால் தெரியாது, குண்டுக்குத் தெரிந்துவிடும், கோணலாகக் கிளம்பும். அதற்காகக் கழுத்தை ஓர் எஃகுத் தண்டில் மாட்டி, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கடைசல் கருவியைச் சுற்றிச் சுற்றித் தடிப்பை மட்டும் சீவி எடுக்க வேண்டும். கழுத்து முடிந்து, கூடு அகலமாகிற தோள் தொடங்கும் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். ஆழமாக இறங்கினால் கூடு அந்த இடத்திலேயே பிளந்துவிடும். செசிலின் புருஷன் இஞ்ஞாசியின் துப்பாக்கியோ வீம்பு பிடித்த ஜாதி. அதில் தோட்டா உட்காரும் அறையை அவ்வளவு இறுக்கமாகச் செய்து வாங்கியிருந்தார். கடையாத கூடு அதற்குள் போகாது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது.

இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிறகு ஓர் அமைச்சகத்தின் வாசலில் காவல் பார்த்தவர், இப்போது பென்ஷன். பதினெட்டு வருஷமாகத் துப்பாக்கி சங்கத்தில் இருக்கிறார். இருநூறு மீட்டருக்கு அப்பால் உள்ள காகிதத்தில் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் போட வேண்டும், அதுதான் அவர்கள் ஆட்டம். கழுத்துகளை முன்னெல்லாம் அவரேதான் கடைந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா வைத்திருந்தால் ஒன்றும் இல்லை. எதையாவது பிடித்துத் தூக்கினால் நடுங்கும். டாக்டர் பார்த்துவிட்டு, இது குடும்பத்தில் வருகிற நடுக்கம், உங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கும், ஆபத்து ஒன்றுமில்லை என்றார். துப்பாக்கி மேசையில் மணல் மூட்டைமேல் கிடக்கிறது, ஒரு விரல்தானே வேண்டும், சுடுங்கள் என்று லிசான்ஸ் என்கிற உரிமத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் கடைசல் ஒரு விரல் வேலை இல்லையே. ஒரு சாயங்காலம் வரிசையாக ஏழு கூடுகளைக் கெடுத்துவிட்டு இஞ்ஞாசி கருவியைச் சுவரில் விட்டெறிந்தார். செசில் அதைப் பொறுக்கி எடுத்து, "தாங்க, நான் பாக்கறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அதன்பின் எத்தனை நாள் நினைத்திருப்பாள்!

அன்றிலிருந்து அது அவள் வேலையாகிப் போனது. ஆஸ்பத்திரி விட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பிறகு இரண்டு மணி நேரம் கடைசல். கைக்கு அது வாகாக வந்தது, அதுதான் அவள் தலையெழுத்து. நாளெல்லாம் கத்தரிமுனையைத் தொட்டுப் பார்க்கிற விரல்கள் அல்லவா! அவர் கடைந்த காலத்தைவிட இப்போது கூடுகள் நன்றாக இருந்தன. சங்கத் தலைவர் ழான்-மார்க் ஒன்றை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, "இஞ்ஞாஸுடைய கை மாதிரி கை இந்தச் சங்கத்தில் இல்லை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். அதை இஞ்ஞாசி வீட்டுக்கு வந்து அவளிடமே சந்தோஷமாகச் சொன்னார், யாருடைய கை என்பதை மறந்துவிட்ட மாதிரி. கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவள் போய் உலை வைத்தாள்.

சங்கத்தில் யாருக்கும் நடுக்கம் தெரியாது. அங்கே கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார். காப்பி நீட்டினால், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். வீட்டில் மூன்று வேளையும் காப்பி கேட்கிற மனிதர், அங்கே இரண்டு வருஷமாக ஒரு வாய் குடித்ததில்லை. கோப்பை ஆடும் அல்லவா.

நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியிலேயே புளி வாடை வந்துவிட்டது.

மரியான் கதவைத் திறந்தாள். இஞ்ஞாசியின் அக்கா, எழுபத்திரண்டு வயது, பாண்டிச்சேரியிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறாள். வந்த ஐந்து வாரத்தில் இந்த வீட்டில் அவள் கழுவாத சாமான் இல்லை. வெளியே குளிர், பேசுவதற்கு ஆளில்லை, பாவம், அவளும் என்னதான் செய்வாள்?

"வந்துட்டியா செசில்? கண்ணை மூடிக்கிட்டு உள்ள வா. ம், இப்ப தொற!"

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் நாற்பது கூடுகளும் நாலு வரிசையாக நின்றன. மினுமினுத்தன. மஞ்சள் போய் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது.

"எப்படி கெடந்துச்சு, எப்படி ஆயிருக்கு பாரு! கழுத்தெல்லாம் ஒரே கரி. காலைலேருந்து புளித்தண்ணில ஊற வச்சு, பவுடர் போட்டு, ஒவ்வொரு கழுத்தா தேய்ச்சு எடுத்தேன். தம்பி நாளைக்குப் போட்டிக்குப் போறான், நாலு வெள்ளைக்காரன் பாக்கற எடத்துல கரிபுடிச்ச சாமானையா எடுத்துட்டுப் போவான்? கோயில் பீடத்துல மெழுகுவத்தி நிக்கற மெழுகுத் தண்டை நாப்பது வருஷம் தொலக்கின கை இது. ஒவ்வொரு திருநாளுக்கும் எங்க சாமியார் சொல்லுவாரு, மரியான் தொலக்கினா தங்கம்னு."

அது கரி இல்லை. பித்தளை விறைத்து வெடிக்காமல் இருக்கக் கழுத்தை நெருப்பில் காட்டுவார்கள். அந்த நீலக்கறுப்பு அதன் தடம். புளியில் ஊறினால் பித்தளையின் பலம் போகும். பொடி போட்டுத் தேய்த்தால் அளவு போகும். மரியானுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது மெழுகுத் தண்டு. மெழுகுத் தண்டுக்கு அவள் செய்தது ரொம்பச் சரி.

செசில் கோட்டைக்கூடக் கழற்றாமல் இழுப்பறையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தாள். முதல் கூட்டை அளந்தாள். கூட்டை அரைச் சுற்று திருப்பி மறுபக்கம் அளந்தாள். இரண்டாவது. மூன்றாவது. ஏழாவதில் நிறுத்திவிட்டாள். மூன்று வாரச் சாயங்காலங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

"எப்படி?" என்றாள் மரியான், முகமெல்லாம் சிரிப்பாக.

"பளபளன்னு இருக்கு அண்ணி," என்றாள் செசில். அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு இல்லை.

ரொட்டி வாங்கப் போயிருந்த இஞ்ஞாசி வந்தார். மேசையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தன்னை வளர்த்து ஆளாக்கிய அக்காவை எந்தத் தம்பி திட்டுவான்? "மெர்சி அக்கா," என்று நன்றி சொன்னார். பிறகு செசிலைப் படுக்கையறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அடிக்குரலில் அவள்மேல் பாய்ந்தார்.

"உனக்கு அறிவு இருக்கா? வெளியில யாரு வைக்கச் சொன்னா? பூட்டி வச்சிருக்கணுமா இல்லையா?"

"அது எப்பவும் இருக்கற எடம்தாங்க."

"அக்கா வந்திருக்காங்கன்னு தெரியுமில்ல? எதை எடுத்தாலும் கழுவறாங்கன்னு தெரியுமில்ல?"

செசில் கட்டிலில் உட்கார்ந்தாள். சாயங்காலத்திலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள். அவர் கத்துவதெல்லாம் அடுத்த வீட்டு வானொலி மாதிரி எங்கேயோ கேட்டது.

வீட்டில் வேறு கூடு இல்லை. போட்டி மறுநாள் ஒன்றரை மணிக்கு. இஞ்ஞாசி ழான்-மார்க்குக்குப் போன் போட்டார். போனைக் கையில் பிடிக்காமல் கட்டில்மேல் வைத்து, ஸ்பீக்கரில் பேசினார். அப்படித்தான் அவர் பேசுவார். கூடுகள் கெட்டுப்போய்விட்டன, நாளைக்கு வரவில்லை என்று பிரெஞ்சில் சுருக்கமாகச் சொன்னார்.

"வராமல் போவதாவது!" என்றது கட்டில்மேலிருந்து ழான்-மார்க்கின் பெரிய குரல். "சங்கத்து அலமாரியில் ஒரு பெட்டி புதுக் கூடு இருக்கிறது, உன் அளவுதான். நீ கருவியை மட்டும் எடுத்து வா. எட்டரைக்குக் கதவைத் திறக்கிறேன். பதினைந்து கடைந்தால் போதாதா? ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். நல்லதாகப் போயிற்று இஞ்ஞாஸ், நீ கடைவதை எப்போது பார்ப்போம் என்று எல்லோரும் எத்தனை நாளாகக் கேட்கிறார்கள்! நான் எல்லோரையும் சீக்கிரம் வரச் சொல்லிவிடுகிறேன்."

வைத்துவிட்டான் பாவி. இஞ்ஞாசி போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் எல்லாம் வடிந்துபோய், முகம் வெளிறிப்போயிருந்தது.

"காய்ச்சல்னு காலைல சொல்லிடறேன்," என்றார்.

செசிலுக்கு அது எவ்வளவு நல்லது! சனிக்கிழமை விடுமுறை. பத்து மணி வரை தூங்கலாம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இரண்டு வருஷம் கடைந்திருக்கிறாள். அந்தக் கூடுகள் எங்கே போகின்றன, என்ன செய்கின்றன என்று ஒரு நாள் பார்த்ததில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜின் மேல் மூன்று சின்னக் கோப்பைகள் நிற்கின்றன, ஒன்றிலும் அவள் பேர் இல்லை. பேர் வேண்டாம். பேரை வைத்து என்ன செய்ய? இந்த மனுஷன் தன் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"நான் வரேன்," என்றாள்.

"நீ வந்து?"

"நான் கடையறேன். நீங்க அவங்ககிட்ட என்னா சொல்லணுமோ சொல்லிக்குங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"என்னா சொல்றது?"

"அதை நீங்கதான் யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டு, செசில் எழுந்துபோய் வெங்காயம் நறுக்கினாள்.

காலையில் மரியான் வாசல்வரை வந்து தம்பியின் நெற்றியில் சிலுவை போட்டாள். நாற்பது கூடுகளையும் வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி அவர் கையில் வைத்தாள். "செயிச்சுட்டு வாடா," என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். இந்தக் கலாட்டாவில் செசில் காப்பி போட மறந்து, வெறும் வயிற்றோடு காரில் ஏறினாள். சென் தெனி தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

சங்கம் வில்லியே லே பெல்லுக்கு அப்பால் வயல்களின் நடுவில் இருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான கூடம், அதன் ஒரு பக்கச் சுவருக்கு வெளியே சுடும் மேசைகள், உள்ளே ஒரு கோடியில் வேலைப் பலகை, மறுகோடியில் காப்பி மேசை. பெரிய பிளாஸ்கும், சர்க்கரைக் கிண்ணமும், தட்டோடு அடுக்கிய வெள்ளைப் பீங்கான் கோப்பைகளுமாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் முன்கூட்டியே வந்து நின்றார்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கிற மாதிரி.

"இதோ நம்முடைய கை வந்துவிட்டது!" என்று ழான்-மார்க் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும், தொப்பை, கள்ளமில்லாத முகம். திட்டுவதற்குக்கூட மனசு வராது.

இஞ்ஞாசி வலது கையைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். செசில் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றாள்.

"மணிக்கட்டு சுளுக்கிவிட்டது," என்றார் அவர் பிரெஞ்சில். "படியில் வழுக்கினேன். இன்றைக்கு மட்டும் என் மனைவி எனக்கு உதவி செய்கிறாள்."

இன்றைக்கு மட்டும்! செசில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கருவியைப் பலகையில் பொருத்தினாள், தண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். மரியான் துலக்கிய கூடு ஒன்றை எடுத்து, கத்தியின் ஆழத்தைப் பார்க்க அதில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு புதுப் பெட்டியைத் திறந்து முதல் கூட்டை மாட்டினாள்.

பித்தளைச் சுருள் நூல் மாதிரி அறாமல் வந்தது. கூட்டம் நெருங்கி வந்து குனிந்தது. இஞ்ஞாசி பக்கத்தில் நின்று பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"அவசரம் கூடாது. கண்ணைவிடக் காது முக்கியம். கத்தி தோளைத் தொடும்போது சத்தம் மாறும், கொஞ்சம் கரகரப்பாகும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கருவியில் உள்ள தடையை நம்பக் கூடாது, காதைத்தான் நம்ப வேண்டும்."

அது செசில் சொன்னது. போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டே அவரிடம் சொன்னது. எழுத்துக்கு எழுத்து அதையே சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ழான்-மார்க் மூன்றாவது கூட்டை எடுத்துத் தன் மைக்ரோமீட்டரில் நாலு பக்கமும் அளந்தார். புருவம் ஏறியது. நாலாவதையும் அளந்தார்.

"அடேயப்பா! இஞ்ஞாஸ், மதாமுக்கு இதைக் கற்றுக்கொடுக்க உனக்கு எத்தனை நாள் ஆயிற்று?"

"ஒரு வாரம்," என்றார் இஞ்ஞாசி.

ஒரு வாரம். செசிலுக்கு அந்த நேரம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கருவியை அப்படியே போட்டுவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு, வயல் வழியே நடந்து பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் தண்டில் ஐந்தாவது கூடு பாதி கடைந்தபடி இருந்தது. பாதியில் விட்டால் அது கெட்டுப்போகும். கெட்டுப்போகிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவள் கைக்குத் தெரியாது. கடைந்தாள். ஆறு. ஏழு. மணிக்கட்டு வலித்தது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் காப்பி மேசைப் பக்கம் நகர்ந்தது. சிரிப்புச் சத்தமும் கோப்பைச் சத்தமும் கேட்டன. "உனக்குத்தான் ஆகாதே" என்று ழான்-மார்க் இஞ்ஞாசியிடம் சொல்வது கேட்டது. காப்பி வாசனை கூடத்தின் மறுகோடிவரை வந்தது. பலகைமேல் குனிந்திருந்த ஒரு பெண்பிள்ளைக்கும் காப்பி வேண்டியிருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, கட்டினவருக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பதினைந்தும் முடிந்தன. மருந்து நிரப்புவதும் குண்டு செருகுவதும் நெம்புகோல் வேலை. அதை அழுத்திப் பிடித்தால் கை ஆடாது. இஞ்ஞாசியே செய்துகொண்டார். எழுந்து போகும்போது, "நல்லா வந்திருக்கு," என்று தமிழில் முணுமுணுத்தார். செசில் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒன்றரைக்குப் போட்டி ஆரம்பித்தது. அவள் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றுதானே வந்தாள்? அந்த ஆசையும் போய்விட்டிருந்தது. பலகைமேல் கையை மடித்து அதில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சுவருக்கு அப்பால் வெடிச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. ஆஸ்பத்திரியில் எந்திரம் ஓடும்போதே தூங்கிப் பழகியவள். கண் அயர்ந்தது.

கைதட்டல் சத்தத்தில் விழித்தாள். முதல் சுற்று முடிந்து எல்லோரும் கூடத்துக்குள் வந்திருந்தார்கள். ழான்-மார்க் காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். நடுவில் ஒரே ஒரு ஓட்டை, கொண்டைக்கடலை அளவுகூட இல்லை. ஐந்து குண்டும் அதற்குள்தான்.

"பாருங்கள்! பன்னிரண்டு வருஷத்தில் இந்தச் சங்கத்தில் இப்படி ஒன்று விழுந்ததில்லை! சுளுக்கிய கையோடு இது! இந்தக் கை இருக்கிறதே..." என்று சொல்லிக்கொண்டே இஞ்ஞாசியின் வலது மணிக்கட்டைப் பாக்கெட்டிலிருந்து இழுத்து, குத்துச்சண்டையில் ஜெயித்தவன் கையைத் தூக்குகிற மாதிரி மேலே தூக்கிப் பிடித்தார். சுளுக்கிய மணிக்கட்டைத்தான் பிடித்துத் தூக்கினார். வலிக்கிறது என்று சொல்ல இஞ்ஞாசி மறந்தே போனார்.

மறுபடி கைதட்டினார்கள். அவர் தூக்கிய கையோடு நின்றபடி கூடத்தின் இந்தக் கோடியைப் பார்த்தார். செசில் தன் வலது மணிக்கட்டை இடது கையால் அமுக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். முடியெல்லாம் கலைந்து, கன்னத்தில் பலகையின் தடம் பதிந்திருந்தது. விரலெல்லாம் எண்ணெயும் பித்தளைப் பொடியும். அவள் அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்கிற பார்வைதான் அது. கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

இஞ்ஞாசி கையை விடுவித்துக்கொண்டார். திரும்பிக் காப்பி மேசைக்கு நடந்தார்.

அடுக்கிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். தட்டு கடகடவென்று ஆடியது. பிளாஸ்கைச் சாய்த்தார். பாதி கோப்பைக்குள் போயிற்று, பாதி மேசைவிரிப்பில் கொட்டியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தினதும் அந்தக் கடகட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"கொடு இஞ்ஞாஸ், நான் எடுத்து..." என்று ழான்-மார்க் கையை நீட்டினார்.

"வேண்டாம்."

இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முப்பது அடி இருக்கும். காப்பி தட்டில் வழிந்தது, சட்டைக் கையில் வழிந்தது, சிமென்டுத் தரையில் நெடுகச் சொட்டியது. பட்டாளத்தில் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுகூட மனிதர் இவ்வளவு நிமிர்ந்து நடந்திருக்க மாட்டார். முகம் சிவந்திருந்தது. இரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருந்த கையை அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவர் விடாமல்.

கோப்பையைப் பலகைமேல், பித்தளைச் சுருள்களுக்கு நடுவில் வைத்தார். அவர்கள் பக்கம் திரும்பினார்.

"சுளுக்கு இல்லை," என்றார் பிரெஞ்சில். "இரண்டு வருஷமாக என் கை இப்படித்தான். நீங்கள் அளந்து பார்த்த கழுத்து எல்லாம் இவள் கடைந்தது. காலையில் நான் சொன்ன பாடமும் இவளுடையது. நான் பொய் சொன்னேன்."

நோட்டுப் புத்தகத்தில் எழுதியவர் குனிந்து தரையைப் பார்த்தார். ழான்-மார்க் மெதுவாகத் தன் தொப்பியைக் கழற்றினார். கழற்றிய பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இஞ்ஞாசி செசிலின் பக்கம் திரும்பினார்.

"ஆறிடப் போவுது. குடி."

அவளுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. நேற்றுச் சாயங்காலம் வராத கண்ணீர், இரண்டு வருஷமாக வராத கண்ணீர், எல்லாம் சேர்ந்து வந்தது. எண்ணெய்க் கையால் துடைக்க முடியாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கோப்பையை எடுத்தாள். அரைக் கோப்பைதான் மிச்சம் இருந்தது, சூடும் போயிருந்தது. ஒரு வாய் குடித்தாள்.

சர்க்கரை! குறைந்தது மூன்று கட்டி போட்டிருப்பார். பதினோரு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை வியாதி. ஒவ்வொரு நாளும் அவர் எதிரில்தான் மாத்திரை போட்டுக்கொள்கிறாள். இது தெரியாமலா இந்த மனுஷன் முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினார்?

அவர் பக்கத்திலேயே நின்று, அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செசில் எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே, அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.